பூனை கொண்டுவந்த கடல்

உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில், மூன்றாவது மாடி வீட்டுக்குள் கடல் வந்துபோன கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். கேட்டு ஆச்சரியப்படுகிறவர்களைப் பார்த்து இவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கடல் வந்தது ஒரு விஷயமா, அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது, நடுவில் நாங்கள் ஒன்று செய்தோமே அதுதான் விஷயம் என்பார்கள். அந்த இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

அந்த வீடு பிரகாசியின் வீடு. அவளுக்கும் கஸ்பாருக்கும் கல்யாணமாகி வெகுகாலம், பிள்ளை இல்லை, அந்தக் குறையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டாமல் குடித்தனம் நடத்தியவர்கள். கரையில் இருந்த பழைய வீடுகளை அலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போன பிறகு அரசாங்கம் எல்லோரையும் இந்த அடுக்குமாடியில் ஏற்றிவைத்தது, ஆண்கள் விடியுமுன் ஷேர் ஆட்டோவில் கடலுக்குப் போய் மீனோடு திரும்பி வந்தார்கள். கரையில் இருந்த காலத்தில் கடலைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வந்ததில்லை. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, கூரைத் தகடு ஒரு வருஷம் நிற்கமாட்டேன் என்கிறது என்று வைதுகொண்டேதான் இருந்தார்கள். மாடிக்கு வந்த பிறகும் அதை நினைத்து யாரும் ஏங்கவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதே பெரிய கவலையாக இருந்தது. கஸ்பார் மட்டும் படியேறி வரும்போதே சத்தமாக வருவான், ஒரு கையில் மீன் பை, ஒரு கையில் தூக்குச்சட்டி, அதனால் காலிங்பெல்லை அழுத்தாமல் சட்டியை மணிக்கட்டுக்கு ஏற்றிவிட்டு அந்த உள்ளங்கையால் கதவை டொப் டொப் என்று தட்டுவான். உள்ளேயிருந்து பிரகாசி "இந்தா வாறேன்" என்பாள். அந்த மாடியில் எல்லோருக்கும் அந்தச் சத்தமும் பதிலும் பழக்கம்.

ஆடிக் காற்றில் ஒருநாள் அவன் தனியாக வள்ளம் இறக்கினான். எப்போதும் கூடப் போகிற தம்பி லெயோன் காய்ச்சலில் கிடந்தான். அன்றைக்கு வள்ளம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அதற்குப் பிறகு தெற்கே வெகுதூரம் தள்ளி இன்னொரு ஊர்க் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று போன் வந்தது. வலை இறக்கப்படாமல் குவிந்திருந்தது, தூக்குச்சட்டியில் கஞ்சி திறக்கப்படாமல் இருந்தது, ஆளைத்தான் காணோம். வலைக் குவியலுக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. கரையில் வலைமேல் படுத்துத் தூங்கும் பூனைகளில் ஒன்று, வள்ளத்தைத் தள்ளியபோது விழிக்காமல் தூங்கியிருக்க வேண்டும். வள்ளத்தைப் பிடித்து இழுத்தவர்கள் கையைப் பிறாண்டிவிட்டு அது ஓடிப்போயிற்று.

நாட்டுப்படகு, விசைப்படகு, அரசாங்கப் படகு எல்லாம் தேடின. பிறகு ஒவ்வொன்றாகத் தேடுவதை நிறுத்தின. கோயிலில் பங்குச்சாமி பிரகாசியைக் கூப்பிட்டு, மரித்தவர் பூசை ஒன்று வைத்துவிடலாமா அம்மா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆளு வராம எதுக்கு சாமி பூசை?" என்றாள் பிரகாசி. "வரட்டும். அப்புறம் பாப்போம்."

அவள் கறுப்பு உடுத்தவில்லை. சாயங்காலம் செபமாலை சொல்லுவாள், அதன் முடிவில் இறந்தவர்களுக்காகச் சொல்லும் செபம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். எதிர்வீட்டு எஸ்கலின் அதைக் கவனித்தாள்.

அந்தப் பூனை இன்னும் வள்ளம் ஒதுங்கிய ஊர் ஐஸ் கொட்டகையில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறது, ராசியில்லாத பூனை என்று யாரும் வளர்க்க எடுக்கவில்லை என்று மீன் வேன்காரர் ஒருவர் சொன்னார். முதலில் கேட்டபோது பிரகாசிக்கு ஆத்திரமாக வந்தது. அது வந்துவிட்டது, அவர் வரவில்லை என்று நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. சில நாளில் அந்த எரிச்சலே வேறொன்றாக மாறியது. அவரைக் கடைசியாகப் பார்த்த உயிர் அது ஒன்றுதான், அந்தக் கண்ணில் அவர் எப்படியும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். மாதா பிறந்தநாள் திருவிழா முடிந்த மறுவாரம் மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஐஸ் கொட்டகையில் வேலை பார்க்கும் தவமணி என்ற பெண்தான் அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் பூனையை ஏற்றிவிட்டு, பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற தாய் மாதிரி சொல்லிச் சொல்லி அனுப்பினாள்.

"யக்கா, வீடு பூராவும் விட்ராதிய, மெரண்டுரும். ஒரு சின்ன ரூம்ல விடுங்க. எங்க ஒளியணுமோ ஒளியட்டும், கையப் போட்டு இழுக்கக் கூடாது. மூஞ்சிய உத்துப் பாக்கக் கூடாது. முதுகக் காட்டி உக்காந்து நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாருங்க. நாளாவும். ஆனா அதுவா வரும்."

பஸ் வருவதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "தட்டுற சத்தம் மட்டும் இதுக்கு ஆகாது. ஐஸ் ஒடைக்க கட்டைய எடுத்தாலே கூரைக்குள்ள போயிருது. என்னத்தக் கண்டுச்சோ."

பிரகாசி அப்படியே செய்தாள். கஸ்பாரின் துணிமணியும் இரும்புக் கட்டிலும் இருந்த உள்ரூமில் ஒரு தட்டில் மணல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு சாளை மீன், தன்னுடைய பழைய சேலை ஒன்று எல்லாம் வைத்துவிட்டு ஓலைப்பெட்டியின் மூடியைத் திறந்தாள். பூனை வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் போனதைத்தான் பார்த்தாள். அங்கே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அது நடுங்கியது. நடுக்கத்தில் கட்டில் காலும் சேர்ந்து ஆடியது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. குழாய் உடைந்துவிட்டது என்று அவள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தால், தண்ணீர் சுவரிலிருந்து வரவில்லை, தரையிலிருந்தும் வரவில்லை, பூனையிடமிருந்து வந்தது. அதன் நான்கு காலுக்கும் நடுவிலிருந்து சின்ன அலையாகப் புறப்பட்டு அறை முழுக்கப் பரவி, நிலைப்படி வரை வந்து, அதைத் தாண்டாமல் திரும்பிப் போனது. அந்த நேரம் பார்த்து எஸ்கலின் குழம்புக்குப் புளி கேட்டுக் கதவைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு எழும்பியது.

எஸ்கலின் உள்ளே வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள், குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கடல் தண்ணிதான்" என்றாள். "துணியள மேல எடுத்து வையிட்டி, நனைஞ்சா உப்புக் கறை போவாது. புளி இருக்கா?"

மறுநாள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒழுகவில்லை, ஒழுகினால் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுங்கிக்கொண்டார். பிளம்பர் வந்து தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிவிட்டு, இது என் வேலை இல்லை என்று பையைக் கட்டினார். பங்குச்சாமி தீர்த்தத்தோடு வந்து வெகுநேரம் நிலைப்படியில் நின்றார், கடலைவிடப் பெரிய தீர்த்தமா நம் கையில் இருக்கிறது என்று யோசித்தாரோ என்னவோ, தெளிக்காமலே போய்விட்டார். தண்ணீர் ஏறுகிற ஏத்தமும் இறங்குகிற வத்தமும் நிலாவைப் பார்த்துத்தான் நடக்கிறது என்று ஆண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சரியாக வராமல் போகவே வாயை மூடிக்கொண்டார்கள். தண்ணீரில் அவ்வப்போது வரும் சின்னக் காரல் மீனைக் குழம்பு வைக்கலாமா என்று பெண்கள் கூடிப் பேசி, வேண்டாம், அது யாரைத் தின்ற மீனோ என்று முடிவு செய்தார்கள். அதைச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் அந்த நினைப்பு வந்தது.

ஏனென்றால் அந்தக் குடியிருப்பில் கடலுக்கு ஆள் கொடுக்காத வீடே இல்லை. எஸ்கலினுக்கு அப்பா, கீழ்வீட்டுக்காரருக்கு மூத்த மகன், பால் பூத் வைத்திருந்த அமலோற்பவத்துக்கு இரண்டு அண்ணன்மார். உடம்பு கிடைத்தவர்களுக்குக் கல்லறை உண்டு, கிடைக்காதவர்களுக்கு ஒன்றும் இல்லை. முதலில் கால் வீக்கத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். நிலைப்படியில் உட்கார்ந்து பாதத்தைத் தண்ணீரில் விட்டார்கள். பிறகு வாய்க்குள் பேச ஆரம்பித்தார்கள். பேத்தி பெரியவளாகிவிட்டதை, பாகம் பிரித்ததை, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததை எல்லாம் தண்ணீரிடம் சொல்லிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, பிரகாசிக்கு ஒரு சொம்பு மோரோ ஒரு கட்டு கீரையோ வைத்துவிட்டுப் போனார்கள். லெயோன் தினமும் வந்தான். அவன் ஒன்றும் பேசமாட்டான். காய்ச்சலில் படுத்துவிட்டதற்கு அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் திரிந்தான்.

இவ்வளவு பேர் வந்துபோனதில் பூனையைப் பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை.

பிரகாசி ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொண்டாள், அதுவும் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு பலகையைப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செபமாலை சொல்லுவாள். சத்தம் கூடாமல் குறையாமல், ஒரு அருள்நிறை மந்திரம் போல இன்னொன்று, அதைப் போல இன்னொன்று, முதலில் பூனையின் மூச்சு அதற்கு முன்னால் ஓடும், பிறகு பின்னால் வரும், பிறகு கூடவே வரும். கூடவே வருகிற நேரத்தில் தண்ணீர் பலகையை விட்டு இறங்கிவிடும். வைத்த சாளை காலையில் இல்லாமல் போக ஆரம்பித்தது. சேலையில் சாம்பல் முடி ஒட்டியிருந்தது. ஒருநாள் அவள் முதுகில் ஏதோ லேசாக முட்டியது, அவள் திரும்பவில்லை, மணியை உருட்டும் விரல் மட்டும் நின்றுபோனது. இன்னொரு நாள் தற்செயலாகத் திரும்பியபோது பூனை கட்டிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது, அவளைப் பார்த்து கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறந்தது. அவளும் மூடித் திறந்தாள். பிள்ளை பெறாத அவளுக்கு மார்பு கனத்து வலித்தது. அன்று அறையில் தண்ணீர் தரையை நனைக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

நிலாவும் இல்லை காற்றும் இல்லை, இந்தக் கடலுக்குப் பூனையின் பயம்தான் ஊற்று என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பயம் வற்றினால் கடல் வற்றும், கடல் வற்றினால் அவர் வருவதற்கு வழி எது? அவர் இறங்கிய அதே கடல்தானே இது, இத்தனை பெரிய கடல் சுவர் தாண்டி வந்திருக்கும்போது அதில் இருக்கும் ஒரு ஆள் வரமாட்டாரா என்றுதானே அவள் இத்தனை நாளும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து நிலைப்படியில் கைதவறியதுபோலப் போட்டாள். பூனை கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது, தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அவள் அழுதுகொண்டே பலகையில் உட்கார்ந்து முதலிலிருந்து செபமாலையைத் தொடங்கினாள். இப்படித் தினமும் பழக்குவதும், தாங்க முடியாதபோது தட்டைப் போடுவதுமாக ஐப்பசி பிறந்தது.

ஆனாலும் பூனைக்கு அவள்மேல் நம்பிக்கை வளர்ந்துகொண்டேதான் போயிற்று. தட்டு விழுந்தாலும் போன தடவையைவிடச் சீக்கிரம் வெளியே வந்தது. கல்லறைத் திருநாள் நெருங்கியபோது தண்ணீர் கட்டில் காலைச் சுற்றி மட்டும் ஒரு வளையம்போல நின்றது. குடியிருப்பு பதறியது. கல்லறை இல்லாதவர்கள் எல்லோரும் அந்த வருஷம் பிரகாசி வீட்டுக் கடலில்தான் மெழுகுதிரி மிதக்கவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள், அதற்கென்று தென்னை மட்டைத் துண்டுகள்கூடச் செதுக்கியாகிவிட்டது. திருநாளன்று மதியம் லெயோனும் இன்னும் நாலைந்து பேரும் வந்து ஹாலில் நின்றார்கள்.

"மைனி, தண்ணி இல்லாமப் போச்சுன்னா எங்க போயி நிப்போம்?" என்றான் லெயோன். "ஒரு நாளைக்கு மட்டும். கொஞ்சம் கலைச்சு விட்டுக்கிடுதோம்."

அவர்கள் கடலில் செய்கிற வேலைதான் அது. மீன் கூட்டம் ஒரே இடத்தில் படுத்துக்கிடந்தால் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வள்ளத்தின் விலாவில் உள்ளங்கையால் எல்லோரும் தட்டுவார்கள், மீன் மிரண்டு கலைந்து வலையில் ஏறும். கதவு தட்டினால் பூனை மிரண்டு தண்ணீர் ஏறுவதை அவர்களும் கண்டிருந்தார்கள், பூனைக்கும் அதையே செய்யலாம் என்று தோன்றியது. மீன் பிடிக்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்.

பிரகாசி திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ரூமில் பூனை முதல்முறையாகக் கட்டிலின் மேலேயே ஏறி, அவள் மடித்து வைத்த சேலைமேல் படுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் ஒருவேளை பெரிய ஏத்தத்தில்தான் வருவாரோ என்னவோ என்ற நினைப்பு குறுக்கே வந்துவிட்டது.

"ஒரு நாளைக்குத்தான்" என்றாள்.

சாயங்காலம் ஹாலிலும் வராந்தாவிலும் படிக்கட்டிலும் சனங்கள் மெழுகுதிரியோடு நின்றார்கள். லெயோனும் ஆட்களும் அறைக்குள் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். பிரகாசி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். பூனை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, இவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் எழுந்திருக்காமல் படுத்தே இருந்தது. லெயோன் சுவரில் உள்ளங்கையால் தட்டினான், டொப். அடுத்தவன் தட்டினான், அதற்கடுத்தவன் கட்டில் சட்டத்தில் தட்டினான், பிறகு எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டினார்கள். பூனை ஒரு கணம் பிரகாசியை நோக்கித்தான் பாய்ந்தது. பாதியில் மனம் மாறி, சுவரில் பிறாண்டிக்கொண்டு ஏறி, மேலே சாமான் போடும் பரணில் போய் ஒடுங்கியது. அப்போது அது பார்த்த பார்வையை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

தண்ணீர் வந்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே கண்ணாடிக் கதவு போட்டதுபோல நெட்டுக்குத்தாக நின்று நெஞ்சு வரை ஏறியது. ஒருவர் பின் ஒருவராக மெழுகுதிரிகளை உள்ளே தந்தார்கள், மட்டைத் துண்டுகளில் அவை மிதந்தன, எஸ்கலின் அப்பாவைக் கூப்பிட்டாள், கீழ்வீட்டுக்காரர் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அமலோற்பவம் அண்ணன்மாரைக் கூப்பிட்டாள், கூப்பிடக் கூப்பிட அழுகை கூடியது, அழுகை கூடக் கூடத் தட்டுவதும் கூடியது. போதும் என்று யாரோ சொல்ல, ஆட்கள் கையை எடுத்தார்கள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

ஆட்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கையும் தண்ணீருக்கு மேலே இருந்தது. சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது, டொப், டொப், சுவரில் தட்டுகிற சத்தம் இல்லை அது, பைபர் வள்ளத்தின் வெளிப்பக்கம், தண்ணீரில் கிடக்கிற ஒரு ஆள் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுகிற சத்தம். கடல் தொழில் செய்கிற யாருக்கும் அது தெரியும், பக்கத்தில் வேறு வள்ளம் இருந்தால் காதில் விழட்டும் என்று தட்டுவது. பரணில் பூனை அந்தச் சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளத்துக்குள் வலைமேல் இருந்துகொண்டு, அன்றைக்கும் அது இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

"இந்தா வாறேன்" என்றாள் பிரகாசி.

அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இரண்டு கையாலும் துழாவினாள். கட்டிலுக்கு அடியில் துழாவினாள், மூலையில் துழாவினாள், "இந்தா வாறேன், இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லித் துழாவினாள். கையில் தண்ணீர்தான் அகப்பட்டது. டொப் என்ற சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி கூடியது. தட்டுகிற கை சோர்ந்துகொண்டே வந்தது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் தட்டியதுபோல ஒன்று, தடவியதுபோல ஒன்று. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள், ஒன்றும் வரவில்லை.

லெயோன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "நான் இருந்திருந்தா கையப் பிடிச்சிருப்பேன் மைனி" என்றான். முதல்முறையாக அவன் வாயிலிருந்து அது வந்தது.

"தெரியும் தம்பி" என்றாள் பிரகாசி. "போ. எல்லாரும் போங்க. இது பயந்துபோயி இருக்கு."

அவர்கள் மெழுகுதிரிகளை அணைத்து எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். இத்தனை நாள் கால் நனைத்தது கடலில் இல்லை, ஒரு வாயில்லாத ஜீவனின் பயத்தில் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்த வெட்கம் அவர்களுக்கு இன்றைக்கும் போகவில்லை.

பிரகாசி கட்டில்மேல் ஏறி, நெஞ்சளவுத் தண்ணீரில், பரணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செபமாலை எங்கோ மிதந்து போயிருந்தது, விரலை மடக்கிச் சொன்னாள். சத்தம் கூடாமல் குறையாமல், ஒன்றைப் போல ஒன்று, பூனையின் மூச்சு முன்னால் ஓடியது, பின்னால் வந்தது, கூட வர மறுத்தது. அவள் முடிவு வரைக்கும் வந்தாள். வழக்கமாக வாயை மூடிக்கொள்ளும் இடம் வந்தது. மூடாமல், ஆடி மாதத்திலிருந்து சொல்லாத செபத்தை, கஸ்பாரின் பேரைச் சேர்த்து, இறந்தவர் என்ற வார்த்தையையும் சேர்த்து, முழுசாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் தோளில் ஈரமான நான்கு பாதங்கள் இறங்கின. ஒரு சின்ன உடம்பு அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது, அவளும் நடுங்கினாள், எது யாருடைய நடுக்கம் என்று பிரிக்க முடியாமல் இரண்டும் அப்படியே இருந்தன. "நீயாவது இருந்தியே கூட" என்றாள் அவள். "தனியாப் போவலியே அவிய." தண்ணீர் எப்போது வடிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த அறைக்குக் கடல் வரவில்லை. தரையில் ஒரு படி அளவு மணல் தங்கியிருந்தது. அதைக் கூட்டி, ஓலைப்பெட்டியில் போட்டு, மணி அடித்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் லெயோன் தோண்டிய குழியில் இறக்கினார்கள். கஸ்பார் பேரில் கல் வைத்தார்கள். கல்லறை இல்லாத மற்றவர்களும் ஆளுக்கொரு மெழுகுதிரியை அந்தக் கல்லிலேயே ஏற்றினார்கள், பிரகாசி விலகி இடம் விட்டாள்.

அந்தக் குடியிருப்பில் இப்போது யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூனை பழகிவிட்டது. வீடு பூராவும் திரிகிறது, எஸ்கலின் வீட்டிலும் போய்ச் சாப்பிடுகிறது, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மல்லாந்து தூங்குகிறது. எப்போதாவது கூரியர்க்காரனோ கேபிள்காரனோ வெளியூர் ஆள் விவரம் தெரியாமல் வந்து கதவைத் தட்டிவிடுவான். பூனை தலையைக்கூடத் தூக்குவதில்லை. பிரகாசிதான் செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி, காய்ந்த தரையில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தா வாறேன், இந்தா வாறேன்" என்று கதவைத் திறக்க ஓடுகிறாள்.